இருக்கும் பத்திரமும் இல்லையென்னும் அட்டவணையும்

மாங்காட்டிலிருந்து ஓர் அன்பர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், சென்ற மாதம் எனக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருந்தார். தம் தகப்பனார் 1980களில் வாங்கிய மனையின் கிரயப் பத்திரம், பதிவு எண்ணும் முத்திரையும் துலங்க, தம் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதென்றும், ஆயினும் அம்மனைக்கு வில்லங்கச் சான்று கேட்டு விண்ணப்பித்தபோது, அச்சொத்தைப் பற்றி அக்காலத்தில் பதிவு எதுவுமே நடைபெறவில்லையென்று தெரிவிக்கும் 16ஆம் எண் படிவமே வந்து சேர்ந்ததென்றும் அவர் மனம் வருந்தியிருந்தார். மென்பொருள் வேலையில் இருக்கும் அவருடைய மகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "டாக்குமெண்ட் உள்ளேதான்ப்பா இருக்கும், இன்டெக்ஸ்தான் சரியில்லை, அதை ரீபில்ட் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டாராம். "இன்டெக்ஸை மறுபடி கட்டுவதென்றால் என்ன, ஐயா? கட்டினால் என் தகப்பனாருடைய பத்திரம் வந்துவிடுமா?" என்பது அன்பருடைய வினா.

இவ்வினாவின் முற்பகுதிக்குக் கணித சாஸ்திரம் விடை சொல்லும். பிற்பகுதிக்கு விடை, அட்டவணையைக் கட்டுகிறவர்களுடைய சிரத்தையைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் முடிந்த மறுவாரம் என் பெரியப்பா மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். பந்தலில் எழுதிய நோட்டு வந்தவர்கள் வந்த வரிசையில் இருக்கும். பூவிருந்தவல்லிக்காரருக்கு அடுத்து திருவள்ளூர்க்காரர், அவருக்கு அடுத்து மறுபடி பூவிருந்தவல்லிக்காரர் என்று கலந்து கிடக்கும். நாளைக்கு ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தால், அவர் நமக்கு என்ன செய்தார் என்பதைக் காண நோட்டு முழுவதையும் புரட்ட வேண்டியிருக்குமாதலால், அவர் வேறொரு நோட்டில் ஊர்வாரியாகவும், ஓர் ஊருக்குள் பெயர்வாரியாகவும் அனைத்தையும் எடுத்தெழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அசல் நோட்டின் பக்க எண்ணைக் குறிப்பார். எழுதிக்கொண்டிருக்கும்போதே கல்யாணத்துக்கு வர இயலாதவர் ஒருவர் வந்து மொய் கொடுத்தால், அதை வழக்கம்போல் அசலில் ஏற்றிவிட்டு, ஒரு துண்டுத் தாளிலும் குறித்து வைத்துக்கொண்டு, எடுத்தெழுதும் வேலை முடிந்த பின் அத்துண்டில் உள்ளவற்றை உரிய இடங்களில் சேர்ப்பார். கடைசியில் இரண்டு நோட்டின் தொகையையும் கூட்டி, அவை ஒன்றாக வந்தாலன்றி வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதில் மூன்று தத்துவங்கள் அடங்கியிருக்கின்றன. அசல் என்பது ஒன்று, அட்டவணை என்பது அதிலிருந்து பிறந்த வேறொன்று. அட்டவணை தொலைந்தால் அசலிலிருந்து மறுபடி எழுதலாம், அசல் தொலைந்தால் அட்டவணையைக் கொண்டு அதை மீட்க இயலாது. அட்டவணை சரியா என்பதை அசலோடு ஒப்பிட்டாலன்றி அறிய வழியில்லை. உலகத்திலுள்ள மிகப் பெரிய தரவுத்தளங்களும் இவற்றுக்கு அப்பால் போய்விடவில்லை.

நம் பத்திரப் பதிவுத் துறையும் இதே அஸ்திவாரத்தின்மேல்தான் நிற்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 51ஆம் பிரிவு புத்தகங்களை வகுக்கிறது. ஸ்தாவர சொத்து சம்பந்தமான, உயில் அல்லாத தஸ்தாவேஜுகளுக்கு உரியது முதலாம் புத்தகம். 54, 55ஆம் பிரிவுகள் அட்டவணைகளை வகுக்கின்றன; எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் ஆகியோர் பெயர்களுக்கு முதலாம் அட்டவணை, சொத்து விவரத்துக்கு இரண்டாம் அட்டவணை. பத்திரம் புத்தகத்தில் நகலான பின், கூடியவரை உடனுக்குடன் அட்டவணையில் ஏற வேண்டுமென்றும் சட்டம் சொல்லுகிறது. முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்பது 57ஆம் பிரிவு. நாம் கேட்டு வாங்கும் வில்லங்கச் சான்று, இந்த இரண்டாம் அட்டவணை என்ன சொல்லுகிறதோ அதன் பிரதிபலிப்பே அன்றி வேறன்று. நம் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டளவில் 'ஸ்டார்' என்னும் திட்டத்தின் கீழ்க் கணினிமயமாக்கல் தொடங்கி, 2018இல் அதன் இரண்டாம் பதிப்பு நடைமுறைக்கு வந்து, வீட்டிலிருந்தபடியே சான்று பெறும் சௌகரியம் ஏற்பட்டிருப்பது எல்லோரும் அறிந்ததே.

கணினி தேடும் விதத்தைச் சற்றே பார்ப்போம். 1970இல் அமெரிக்காவில் போயிங் விமான நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மக்கிரைட் என்னும் இருவர் 'பி மரம்' என்னும் அமைப்பை வகுத்தார்கள். ஒரு பக்கத்தில் நூறு குறிப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு குறிப்பும் அடுத்த படியில் உள்ள நூறு குறிப்புகள் கொண்ட பக்கமொன்றைச் சுட்டினால், மூன்று பக்கங்களைப் புரட்டியதுமே பத்து லட்சம் பதிவுகளில் ஒன்றை அடைந்துவிடலாம். நான்காவது பக்கத்தில் அது பத்துக் கோடியாகிவிடுகிறது. 2009இல் வெளிவந்த மோங்கோ டிபி முதலிய ஆவணத் தரவுத்தளங்களில், ஒவ்வொரு பதிவும் ஒரே அச்சில் வார்த்த கட்டங்களாக இராமல், ஒரு பத்திரத்தைப்போலத் தனக்கு வேண்டிய விவரங்களைத் தானே தாங்கிய ஓர் ஆவணமாக இருக்கிறது. ஒன்றில் நான்கு எல்லைகள் இருக்கும், இன்னொன்றில் பொது முகவர் பெயர் இருக்கும். அத்தகைய ஆவணங்களுக்கிடையே ஓர் ஒழுங்கைக் கற்பிப்பது அட்டவணை ஒன்றேயாதலால், அங்கே அதன் பொறுப்பு இன்னும் பெரிது.

மறுகட்டு எப்போது அவசியமாகிறது? மின்சாரம் திடீரென்று நின்றோ வட்டு பழுதுபட்டோ அட்டவணை சிதைந்திருக்கலாம். நீக்கல்களும் சேர்க்கைகளும் மிகுந்து பக்கங்கள் பாதி காலியாகக் கிடக்கலாம். புதிய விவரமொன்றைக் கொண்டு தேட வேண்டியிருக்கலாம். செய்யும் முறையும் எளிதே: ஆவணங்கள் யாவற்றையும் ஒரு முறை படித்து, தேடுவதற்குரிய விவரத்தை மட்டும் உருவி, அவற்றை வரிசைப்படுத்தி, அடிப்பக்கங்களை முதலில் நிரப்பி, மேற்படிகளை அவற்றின்மேல் கட்டிக்கொண்டு போக வேண்டும். முற்காலத்தில் மோங்கோ டிபியில் சாதாரண முறையில் இது நடக்கும்போது அத்தரவுத்தளம் முழுவதும் கதவடைத்துக் காத்திருக்க நேரும். 2019இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து, தொடக்கத்திலும் முடிவிலும் மாத்திரம் சிறிது நேரம் அடைத்து, இடையே வரும் புதிய பதிவுகளைத் துண்டுப் பட்டியலில் குறித்துவைத்துப் பின்பு சேர்க்கிறார்கள். பிரதிகள் பல வைத்திருப்போர் ஒரு பிரதியை மட்டும் விலக்கி, அதில் கட்டி முடித்து, அதைத் திரும்பச் சேர்த்த பின் அடுத்ததை எடுப்பார்கள். இதுவரை எல்லாம் சாமான்யமான விஷயமே.

என் மனத்தை நெடுநாளாகக் கவர்ந்திருப்பது வேறொரு விந்தை. சிதையாத, காலியிடமில்லாத, ஒரு குறிப்பும் குறையாத அட்டவணை, வரிசையின் விதி மாறிவிட்ட ஒரே காரணத்தால், இருப்பதை இல்லையென்று சொல்லிவிடக் கூடும்.

மூன்று பெயர்களை எடுத்துக்கொள்வோம்: கண்ணன், கணபதி, கணேசன். தமிழ் அகரவரிசைப்படி புள்ளி பெற்ற மெய் உயிர்மெய்க்கு முன் வருமாகையால், கண்ணன் முதலிலும், கணபதி இரண்டாவதாகவும், கணேசன் மூன்றாவதாகவும் நிற்க வேண்டும். ஆனால் யூனிகோடு எழுத்து முறையில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. அதில் புள்ளியின் எண் 'ப' என்னும் எழுத்தின் எண்ணுக்கும், ஏகாரக் குறியின் எண்ணுக்கும் பிந்தியது. விதி எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டால் கணினி அந்த எண்களையே ஒப்பிட்டு, கணபதி, கணேசன், கண்ணன் என்று அடுக்கிவிடுகிறது. இவ்வாறு அடுக்கிய அட்டவணையில், தமிழ் விதியைக் கற்ற வேறொரு நிரல் கண்ணனைத் தேடி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது நடுவில் நிற்கும் கணேசனைப் பார்க்கும். கண்ணன் இவருக்கு முந்தியவராயிற்றே என்று இடப்புறம் திரும்பும். அங்கே கணபதி நிற்பார். கண்ணன் இவருக்கும் முந்தியவர் என்று மேலும் இடப்புறம் போகும். அங்கே ஒருவரும் இல்லை. "கண்ணன் என்று எவரும் இல்லை" என்ற விடை, சந்தேகத்தின் சாயலே இல்லாமல், இமைப்பொழுதில் வந்துவிடும். கண்ணனோ கணேசனுக்கு வலப்புறம், அடுத்த இடத்திலேயே இருக்கிறார்.

இது கற்பனையான ஆபத்தன்று. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லினக்ஸ் இயங்குதளத்தின் ஆதார நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வெளிவந்தபோது, உலக மொழிகள் பலவற்றின் வரிசை விதிகள் அதில் ஒரே மூச்சில் புதுப்பிக்கப்பட்டன. போஸ்ட்கிரெஸ் என்னும் பிரசித்தமான தரவுத்தளம் வரிசை விதியை அந்நூலகத்திடம் கேட்டுப் பெறும் வழக்கமுடையது. இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்கள் தரவுத்தளத்தைத் தொடவே இல்லை. ஆயினும் எழுத்துகளாலான அவர்களுடைய அட்டவணைகள் பழைய விதிப்படி அடுக்கியவையாகவும், தேடும் கை புதிய விதிப்படி தேடுவதாகவும் ஆகிவிட்டன. இருந்த பதிவுகள் கிடைக்கவில்லை. ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாதவை, முன்னது கண்ணில் படாமையால், இரண்டாம் முறையும் பதிவாயின. அட்டவணைகளை அசலிலிருந்து மறுபடி கட்டுவதைத் தவிர இதற்குப் பரிகாரம் இல்லாமல் போயிற்று. மோங்கோ டிபியும் 2016இல் வந்த 3.4 பதிப்பு முதல், தமிழ் உட்பட மொழிக்குரிய வரிசை விதியை அட்டவணையோடு சேர்த்துச் சொல்ல இடம் கொடுத்திருக்கிறது. வேறு விதியோடு எழுத்துகளைத் தேடி வருபவனுக்கு அவ்வட்டவணையைக் கொடுக்கவே மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பொருந்தாத அட்டவணையைக் கொண்டு விரைவாகத் தவறு செய்வதைக் காட்டிலும், ஆவணங்கள் யாவற்றையும் மெல்லப் படித்துச் சரியாகச் சொல்வது மேலல்லவா?

வரிசை விதியின் அருமையைத் தமிழர்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. திவாகரம், பிங்கலம் முதலிய பழைய நிகண்டுகள் தேவப் பெயர், மக்கட் பெயர் என்று பொருள்வகையால் அமைந்தவை. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்து அகராதி நிகண்டு செய்தார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அவ்வழியை விரிவாக்கிற்று. சொற்கள் பெரும்பாலும் முன்னோர் தொகுத்தவையே. தேடுகிறவன் எந்த வாசலால் வருவான் என்பதை எண்ணி, அவனுக்காக அவற்றைத் திரும்ப அடுக்கியதே அப்பெரியோர்களின் தொண்டு.

இன்னுமொரு விந்தை, மாங்காட்டாருக்கு நேரே சம்பந்தமுடையது. இன்று குன்றத்தூர் வட்டத்தில் இருக்கும் அவ்வூர் முன்பு ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்தது. பழைய பத்திரங்களில் அப்படியே எழுதியிருக்கும். அதிலுள்ள 'ஸ்ரீ' என்னும் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக அமைக்கலாம். 'ஸ்' என்பதோடு 'ரீ' சேர்த்து எழுதுவது ஒன்று. 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் வடமொழித் தாலவிய சகரத்துக்கென்று தனி எழுத்தொன்று சேர்க்கப்பட்டது. அதன் மெய்யோடு 'ரீ' சேர்த்து எழுதுவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இவ்விரண்டும் திரையிலும் தாளிலும் ஒரே வடிவமாகவே தோன்றும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பேதம் தெரியாது. கணினிக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒகர, ஓகர உயிர்மெய் எழுத்துகளிலும், கொம்பையும் காலையும் சேர்த்து ஒரு குறியாகவோ பிரித்து இரண்டு குறிகளாகவோ எழுத இடமுண்டு. அவற்றை ஒன்றாக்கிக்கொள்ள யூனிகோடிலேயே பொது விதி இருக்கிறது. ஸ்ரீயின் இரண்டு உருவங்களுக்கு அத்தகைய விதி இல்லாமையால், அட்டவணையைக் கட்டுகிறவரே அதைக் கவனித்து ஒன்றாக்க வேண்டும். அவர் கவனியாவிட்டால், எத்தனை முறை மறுபடி கட்டினாலும் ஒரே ஊர் இரண்டு இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒன்றைத் தேடுபவனுக்கு மற்றொன்று இல்லாமலே போகும்.

ஆகவே மறுகட்டு என்பது ஓர் ஆணையைத் தட்டிவிட்டு உறங்கப் போகும் காரியமன்று. மென்பொருள் கூடங்களில் அதை அவ்வாறே நடத்துகிறார்களென்று கேள்விப்படும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேகம் குறைந்ததா, இன்டெக்ஸைக் கட்டு. இன்னும் குறைந்ததா, இன்னொரு இன்டெக்ஸைச் சேர் என்பதே பலருக்கு வைத்தியமாகிவிட்டது. அட்டவணை ஒவ்வொன்றும், புதிய ஆவணம் வரும்போதெல்லாம் தன் பங்குக்கு எழுத்து வேலை கேட்கும். தேடாத விவரங்களுக்கெல்லாம் அட்டவணை வைத்தவன் தேடுவதில் லாபம் காணாமல், எழுதுவதில் நஷ்டமே அடைவான். திறவுகோல் எது, எழுத்து முறை எது, வரிசை விதி எது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, கட்டி முடிந்தபின் அசலின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, அசலிலிருந்து சிலவற்றை எடுத்து அட்டவணையின் வழியாகக் கிடைக்கின்றனவா என்று சோதித்த பிறகே பழையதைக் கழிக்க வேண்டும். கையால் எழுதிய அட்டவணைகளைக் கணினியில் ஏற்றும் இடங்களில் இச்சோதனை இருமடங்கு அவசியம். பழைய கையெழுத்தில் 1க்கும் 7க்கும் இடையே எழும் ஒரு மயக்கம், ஒரு குடும்பத்தின் முப்பது வருஷச் சேமிப்பை ஊர் பேர் தெரியாத புல எண்ணின் கீழ்க் கொண்டுபோய்ப் புதைத்துவிடும்.

திறவுகோலே காலத்தால் மாறிவிடுவது இன்னொரு சங்கடம். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, மாங்காடு ஆகிய ஊர்களைச் சுற்றி நெல் விளைந்த ஒரு புலம், மனைகளாகப் பிரிந்து உட்பிரிவு எண்களைப் பெற்றது. நகரமான இடங்களில் நகர நில அளவை நடந்து, வார்டும் பிளாக்கும் டி.எஸ். எண்ணும் வந்தன. 1997இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்து காஞ்சீபுரமும் திருவள்ளூரும் ஆயின. மாங்காடு 2021இல் நகராட்சியாயிற்று. மண் அங்கேயே இருக்கிறது. அதன் பெயர்களும் எண்களும் மாத்திரம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இது போதாதென்று, மாங்காடு என்னும் பெயரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊரும், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் ஊரும் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் திறவுகோலாகக் கொண்டவன் என்ன ஆவான்? பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உறவு காட்டும் ஒரு பட்டியல் அட்டவணையோடு கூடவே இராவிட்டால், எத்தனை முறை மறுபடி கட்டியும் பிரயோஜனம் இல்லை. சர்க்கார் இதற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும், பின்னால் நீதிமன்றங்களில் செலவாகக்கூடிய பல ரூபாய்களைத் தடுக்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வில்லங்கச் சான்றின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படிப்பவர் அரியர். விண்ணப்பதாரர் கொடுத்த சொத்து விவரத்தைக் கொண்டே தேடப்பட்டதென்றும், அதே சொத்து பதிவான பத்திரத்தில் வேறு விதமாக வர்ணிக்கப்பட்டிருந்தால் அந்த நடவடிக்கை இச்சான்றில் இடம்பெறாதென்றும் அது எச்சரிக்கிறது. அன்பருடைய சங்கடத்துக்கு விடை பெரும்பாலும் அவ்வரியிலேயே இருக்கிறது. அவர் முதலில் தகப்பனார் பத்திரத்தில் கண்டுள்ள பழைய புல எண்ணைக் கொடுத்து ஒரு முறையும், இன்றைய உட்பிரிவு எண்ணைக் கொடுத்து ஒரு முறையும் தனித்தனியே தேடச் சொல்ல வேண்டும். அப்போதும் வரவில்லையானால், பத்திரத்தின் பதிவு எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டுச் சான்றிட்ட நகல் கேட்கலாம். எண்ணும் ஆண்டும் அசலுக்கே நேராகப் போகும் வழியாதலால், சொத்து அட்டவணையின் பிழை அங்கே குறுக்கிடாது. நகல் கிடைத்துவிட்டால், முதலாம் புத்தகத்தில் பத்திரம் உண்டு, அட்டவணையில்தான் குறை என்பது ருசுவாகிவிடும். அந்நகலை இணைத்து, அட்டவணைப் பதிவைத் திருத்தித் தரும்படி சார்பதிவாளருக்கு எழுத்து மூலம் மனு கொடுப்பதே முறை. கணினி இல்லையென்று சொல்லிவிட்டதே என்று கலங்கி, அவசரத்தில் புதுப் பத்திரம் எழுத எவரேனும் யோசனை சொன்னால் அதற்கு அவர் செவி சாய்க்கலாகாது.

இனிமேல் பத்திரம் எழுதப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலையையும் முத்திரைத்தாளையும் பார்ப்பதில் காட்டும் கவனத்தில் பாதியையேனும் கடைசிப் பக்கத்திலுள்ள சொத்து விவரத்தில் காட்டுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், பழைய புல எண், புதிய உட்பிரிவு எண், இருந்தால் டி.எஸ். எண், மனை எண், நான்கு எல்லைகள் ஆகிய இத்தனையும் பட்டாவோடும் தாய்ப்பத்திரத்தோடும் ஒத்திருக்கின்றனவா என்று ஆவண எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள். அட்டவணையை யார் எப்போது மறுபடி கட்டினாலும், உங்கள் சொத்துக்குரிய திறவுகோலை அந்தப் பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள்.